பெயர் கெட்ட எலியும் பெயரற்ற நத்தையும்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் மாதக் காட்டுயிர் வாரத்தில் தம் துறைத் தாழ்வாரத்தில் ஒரு சிறிய படக்கண்காட்சி வைப்பார். படங்கள் அவருடையவை, அவற்றுக்கு அடியில் ஒட்டும் தமிழ்க் குறிப்புகள் என்னுடையவை. பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இந்த ஒப்பந்தத்தில் எனக்குக் கூலி, கண்காட்சி முடிந்த மாலையில் இருவரும் சேர்ந்து குடிக்கும் தேநீர். புலி, தேவாங்கு, இருவாசி, எறும்புதின்னி என்று இதுவரை வந்த எந்தப் படமும் என்னைச் சோதித்ததில்லை. அவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் குறிப்பு எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் என் மேசைமீது இரண்டு படங்களை வைத்தார். ஒன்று, அவர் வயநாட்டு மழைக்காட்டில் எடுத்த நத்தைப் படம். ஈர இலைமீது நீண்டு கிடக்கும் உடல் பழுத்த மிளகாயைப் போலச் சிவந்திருந்தது. அதன் முதுகில் மெல்லிய ஓடு. மற்றொன்று புகைப்படம் அன்று. நூல் வருணனையைக் கொண்டு மாணவர் ஒருவரை வரையச் செய்த எலியின் கோட்டோவியம். 'இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்போகிறேன். ஒப்பிட்டு நாலு வரி எழுதிக்கொடுங்கள்' என்றார். கூடவே, காட்டில் பொறுக்கிவந்த ஒரு வெற்று ஓட்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அந்த நாலு வரியை எழுதினேன். எழுதியதற்காக வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

முதலில் அவ்விரு உயிர்களையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். நத்தையின் அறிவியற்பெயர் இண்ட்ரெல்லா ஆம்புல்லா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் பேரினத்தில் அது ஒன்றே இனம். உடன்பிறந்தார் இல்லாத ஒற்றைப் பிள்ளை. சிவப்பு மட்டுமன்றி ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களிலும் அதன் உடல் அமைவதுண்டு. 1850இல் அதற்குப் பெயரிட்டவர் வில்லியம் ஹென்றி பென்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி. இந்தியாவில் பதிவாகியுள்ள நிலநத்தை இனங்கள் 1,100க்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஏறத்தாழ 270. அவற்றில் நான்கில் மூன்று பங்கு அம்மலையைவிட்டு வெளியே காணப்படாதவை.

எலியின் அறிவியற்பெயர் கிரெம்னோமிஸ் எல்விரா. முதற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் செங்குத்துப் பாறையின் எலி என்று பொருள். 1946இல் இதை வருணித்தவர் ஜான் எல்லர்மன். இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். 1933இல் தந்தையிடமிருந்து கப்பல் நிறுவனங்களைப் பெற்றவர். ஆனால் தம் உழைப்பைக் கொறிவிலங்குகளுக்குக் கொடுத்து, அவற்றைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் எழுதியவர். அவர் பெயரிட்ட இந்த எலி கிடைத்த இடம் நம்முடையது. சேர்வராயன் மலையடிவாரத்துக் குறும்பப்பட்டி, சேலம் மாவட்டம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், வறண்ட புதர்க்காட்டின் பாறைகளுக்கிடையே வாழ்வது, இரவில் நடமாடுவது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், காட்டில் இன்னும் எஞ்சியிருக்கும் உயிர்களுக்கான கடைசிப் படியில் இதன் பெயர் இருக்கிறது. இதற்கடுத்த படிகளில் இருப்பவை கூண்டுக்குள் மட்டும் எஞ்சியவையும் முற்றாக அழிந்தவையும். காடு வேறு பயனுக்கு மாறுவதும், விறகுக்காகப் புதர்கள் வெட்டப்படுவதுமே இதன் அழிவுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

தமிழ் படித்தவனுக்கு இப்படியோர் இணை கிடைத்தால் கை முதலில் தொல்காப்பியத்துக்குத்தான் போகும். மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும் இடத்தில் நந்துக்கு இரண்டறிவு, தொட்டறிவதும் சுவைத்தறிவதும். உரையாசிரியர்கள் நந்து என்பதில் சங்கோடு நத்தையையும் அடக்குவர். எலியோ விலங்கு, ஐந்தறிவு. ஆக, இலக்கணத்தின்படி இவ்விருவருக்கும் நடுவே மூன்று படிகள். இளமைப் பெயர்களைச் சொல்லுமிடத்தில் கீரி, வெருகு, அணில் ஆகியவற்றோடு எலியையும் பெயர் சொல்லிக் குறித்து, அவற்றின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் தருகிறார் தொல்காப்பியர். தவழ்வன என்ற பொதுச்சொல்லுக்குள் நத்தையும் அடங்கக்கூடும். ஆனால் அங்கே அது பெயர் சொல்லி அழைக்கப்படவில்லை. பெண்பாற் பெயர்களில் மட்டும், நீரில் வாழும் நந்தின் பெண்ணுக்கு நாகு என்ற அழகான பெயர் கிடைக்கிறது. மலைக்காட்டு நத்தைக்கு அதுவும் இல்லை. இதில் இயற்கையின் குறும்பும் ஒன்று உண்டு. இந்த வகை நிலநத்தைகளில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டும்தான். நாகு என்று அழைத்தாலும் ஏற்றை என்று அழைத்தாலும் அது பாதி உண்மையே.

இவ்வளவையும் தேடி எடுத்தேன். எடுத்தபின் நான் செய்தது என்ன? நத்தைக்கு அடியில் பயபக்தியோடு மூன்று வாக்கியங்கள் எழுதினேன். எலிக்கு அடியில் ஒரு நகைச்சுவை எழுதினேன். அரிய எலி என்று ஒன்று உண்டா என்று வியக்கவேண்டாம், இவருடைய உறவினர்களை நம் விடுதிச் சமையலறையில் தினமும் தரிசிக்கலாம் என்ற பொருளில். நண்பர் படித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கண்காட்சியின் முதல் நாள் மாணவர் கூட்டம் சிவப்பு நத்தையின் முன் நின்று கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டது. பிறகு எலியின் முன் வந்து, நான் எழுதியதைப் படித்துச் சிரித்தது. அப்போது யாரோ ஒருவன், பின்னால் நின்ற மாணவன் ஒருவனை நோக்கி, 'டேய், உன் சொந்தக்காரன்தான்டா' என்றான். சிரிப்பு இன்னொரு முறை எழுந்தது. அந்த மாணவனும் புன்னகை செய்தான். பின்னர் தாழ்வாரத்தின் மறுமுனை வழியாக வெளியேறினான். அடுத்த இரண்டு நாட்கள் அவன் என் வகுப்புக்கு வரவில்லை.

அவன் ஆம்பூருக்கு அப்பால் மலையடிவாரத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வரும் இருளர் மாணவன். வகுப்பில் அவனுக்கு எலி என்று ஒரு பட்டப்பெயர் இருந்ததை, மூன்று பருவங்கள் அவனுக்குப் பாடம் நடத்திய நான் அன்றுதான் அறிந்தேன். புறநானூற்றில் வறுமையைச் சொல்லும் பாட்டுகளை இந்த வாயால்தான் விளக்கினேன். அதே கையால்தான் அந்த நகைச்சுவையையும் எழுதினேன்.

மூன்றாம் நாள் அவன் வந்ததும் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் சங்கடப்பட்டான். 'விடுங்க ஐயா, பள்ளிக்கூடத்துலயே பழகிடுச்சு' என்றான். பிறகு சற்றுத் தயங்கி, 'ஆனா நீங்க எழுதினது தப்புங்க ஐயா. பாறையில இருக்கிற எலி சமையலறைக்கு வராது. வயலுக்கே வராது. எங்க தாத்தாவைக் கேட்டா சொல்வாரு' என்றான். நான் வெட்கப்பட்டது என் நடத்தைக்காக. அவன் திருத்தியது என் தகவலை. அதுதான் சரியான திருத்தம் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏனென்றால், நான் செய்த அதே தவற்றை இந்த நாட்டின் சட்டமும் நெடுங்காலம் செய்துவந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியல் அது. அதிலுள்ளவற்றை யாரும் எப்போதும் கொல்லலாம். பிற்காலத்தில் அதில் நான்கு பதிவுகளே எஞ்சின: காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. எந்த எலி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எலி என்ற ஒரே சொல். அந்தச் சொல்லின் வழியாக, நெற்குதிரைக் குடைகிற எலியும் குறும்பப்பட்டிப் பாறையை விட்டு இறங்காத எலியும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டன. உலகம் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்த ஓர் உயிர், தன் சொந்த நாட்டுச் சட்டத்தில் ஒழிக்கத்தக்கதாக எழுதப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த அட்டவணை நீங்கியது.

நத்தையின் கதை வேறு. அதைக் கொல்லலாம் என்றும் சட்டம் சொல்லவில்லை, கொல்லக்கூடாது என்றும் சொல்லவில்லை. 2001இல் கடற்சங்குகளும் சிப்பிகளும் சில பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. வாங்குவதற்கும் விற்பதற்கும் அவற்றுக்குச் சந்தை இருந்ததால் சட்டத்தின் பார்வை அவற்றின்மேல் விழுந்தது. மலைக்காட்டு நத்தையை விற்க ஆளில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசவும் ஆளில்லை. எலிக்குக் கெட்ட பெயர், நத்தைக்குப் பெயரே இல்லை. முன்னது அவதூறு, பின்னது மறதி.

இவ்விரண்டில் எது கொடியது என்று அந்நாட்களில் அடிக்கடி யோசித்தேன். மறதியைப் போக்க அறிமுகம் போதும். சிவப்பு நத்தையின் ஒரு நல்ல படம் ஐந்நூறு மாணவர்களை ஒரே காலையில் அதன் பக்கம் திருப்பிவிட்டது. அவதூறு அப்படிப் போகாது. எலி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, தெரிந்துவிட்டதால் பார்ப்பதில்லை. நத்தையைப் பற்றி ஒன்றைக் கற்பித்தால் போதும். எலியைப் பற்றி முதலில் ஒன்றை மறக்கச் செய்தாகவேண்டும்.

ஆனால் கெட்ட பெயர் முழுவதும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டில் நாம் காணும் கரிய எலியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம் என்றே கருதப்படுகிறது. கப்பலேறி உலகெங்கும் பரவிய அது, தீவுகளில் பறவை முட்டைகளையும் அரிய நத்தைகளையும் தின்று தீர்த்தது. ஹவாய்த் தீவுகளின் மரநத்தைகள் அழிந்ததில் எலிக்கும் பெரும் பங்குண்டு. அந்த நத்தை இனங்களுள் ஒன்றின் கடைசி உயிர் ஜார்ஜ் என்ற பெயரோடு ஆய்வகத்தில் தனியே வளர்ந்து, 2019 புத்தாண்டு நாளன்று இறந்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இண்ட்ரெல்லாவுக்குப் பெயரிட்ட அதே பென்சன்தான், மொரீசியசிலிருந்து கொண்டுவந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தை 1847இல் கல்கத்தாத் தோட்டமொன்றில் இறங்கக் காரணமானவர். இன்று மழைக்காலத்தில் என் வீட்டு முருங்கையில் கூட்டமாக ஏறுவது அதன் சந்ததி. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. நாம் உலகுக்கு ஓர் எலியைக் கொடுத்தோம். பதிலுக்கு ஒரு நத்தையைப் பெற்றோம். தீங்கு செய்தவை அவ்விரண்டும். அவற்றின் பெயரால் பழி சுமப்பவை மலையைவிட்டு ஒருபோதும் இறங்காத உறவினர்கள்.

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவனின் தாத்தாவைப் பார்க்கப் போனேன். எழுபதைக் கடந்தவர், கண் சற்று மங்கியிருந்தது. எலி பிடிப்பதைப் பற்றி நான் கேட்டதும் முதலில் பேரனைப் பார்த்தார். கேலி செய்ய வந்த ஆளா என்ற ஐயம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு பேசினார். வளையின் வாயில் தள்ளிய மண்ணைக் கொண்டே உள்ளே இருப்பது வயலெலியா வெள்ளெலியா என்று சொல்லிவிடலாம். குட்டி போட்டிருக்கும் வளை என்றால் மண்ணின் ஈரம் வேறு மாதிரி இருக்கும், அதை விட்டுவிடவேண்டும். வயலெலியின் வளையில் நெற்கதிர் சேமித்த அறை தனியே இருக்கும். நல்ல வருடத்தில் ஒரு வளையிலிருந்து ஒரு வேளைச் சோற்றுக்கு நெல் கிடைக்கும். 'பாறை எலியை?' என்று கேட்டேன். 'அதை எதுக்கு சார் தோண்டணும்? கல்லைத் தோண்டினா நெல்லா கிடைக்கும்?' என்றார்.

இப்போதும் தோண்டுவதுண்டா என்றேன். பாலாற்றுப் பக்கம் கையை நீட்டினார். 'நெல்லே போச்சு. அப்புறம் எலி எங்க இருக்கும்?' என்றார்.

அந்தக் கை காட்டிய திசையில்தான் நான் வளர்ந்தேன். என் தந்தை ஆம்பூரில் தோல் தரம் பிரிப்பவராக இருந்தார். ஒரு தோலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், அந்த மாடு முள்வேலியோரம் மேய்ந்ததா, உண்ணிக் கடியால் அவதிப்பட்டதா, எத்தனை முறை சூடு போடப்பட்டது என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் விலங்கின் வாழ்க்கை தோலில் எழுதப்பட்டு, சதுர அடியில் விலை பேசப்பட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளின் மணம் அவருடைய இளமையின் மணம். அந்த ஆவாரைக்காகச் சுற்றுக் குன்றுகளின் புதர்க்காடுகள் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் குரோமியப் பதனீடு பரவியது. நான் சிறுவனாக இருந்தபோது தெருவோரச் சாக்கடையில் ஓடிய நீல நிறம் அதிலிருந்து வந்தது. அந்தத் தொழில்தான் எங்களுக்குச் சோறு போட்டது, என்னைப் படிக்கவைத்தது. இதைச் சொல்லாமல் அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

தோல் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவிலான விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு, 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. இந்தியச் சூழலியல் சட்டம் படிக்கும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்பதோடு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. மீளாத கேடு நேரும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை செயலைச் செய்பவர்மேல் இருக்கிறது. இதுதான் அதன் சாரம். 2025 ஜனவரி 30ஆம் நாளும் இதே பாலாற்று மாசுக்காக, இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கவேண்டியிருந்தது. கோட்பாடு பிறந்த ஆற்றங்கரையில் கோட்பாடு இன்னும் முழுதாகக் கரையேறவில்லை.

ஆயினும் அந்தக் கோட்பாட்டை நான் எலிக்கும் நத்தைக்கும் கேட்கிறேன். ஒரு குன்றில் கல் உடைக்க அனுமதி கொடுக்கும்போதும், ஒரு புதர்க்காட்டைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதும்போதும், அங்கே என்ன இருக்கிறது என்று முழுதாக அறிந்தவர் எவருமில்லை. அறியாமை இதுவரை வெட்டுகிறவருக்குச் சாதகமாகவே இருந்துவந்தது. அதை அங்கு வாழ்பவற்றுக்குச் சாதகமாகத் திருப்பவேண்டும் என்பதைத்தான் எங்கள் ஆறு, தன்னை இழந்து, நாட்டுக்குக் கற்பித்தது.

இந்த இடத்தில்தான் நத்தைக்கும் எலிக்கும் இன்னொரு வேற்றுமை தெரிகிறது. நத்தை இறந்தால் ஓடு கிடக்கும். வளர்ச்சியின் வரிகள் அதில் இருக்கும். என் தந்தையின் கைத்தோலைப் போல அதையும் படிக்க முடியும். உயிர் போன பின்னும் இங்கே ஒருவன் இருந்தான் என்று ஓடு சாட்சி சொல்லும். அதனால்தான் உலகின் அழிவுக்கணக்கை எழுத அறிஞர்கள் நத்தைகளை நாடுகிறார்கள். 1500ஆம் ஆண்டுக்குப் பின் அழிந்தவையாகப் பதிவானவற்றில் பாலூட்டிகளைவிடவும் பறவைகளைவிடவும் மெல்லுடலிகளே மிகுதி. 2022இல் ராபர்ட் கோவியும் பிலிப் புஷேயும் பெனுவா ஃபொந்தேனும் நிலநத்தைகளின் கணக்கை அடிப்படையாகக் கொண்டு மதிப்பிட்டபோது, அறியப்பட்ட சுமார் 20 லட்சம் இனங்களில் ஒன்றரை லட்சம் முதல் 2,60,000 வரை ஏற்கெனவே மறைந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தனர். அப்போது சிவப்புப் பட்டியல் அழிந்தவையாகக் காட்டியது ஆயிரத்துக்கும் குறைவு. இடைவெளியில் இருப்பவை, பெயர் இருந்தும் யாரும் தேடிப்போகாதவை.

எலிக்கு அந்தச் சாட்சியும் இல்லை. ஒரு பாறை எலி இறந்தால் இரவில் ஆந்தையோ பாம்போ எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை எறும்பு முடித்துவிடும். கடைசி எலி இறந்தாலும் அப்படித்தான். ஒரு குன்று வெறுமையாகிவிட்டதை அறிவிக்க ஒரு சிறு துண்டு எலும்பும் வெளியே கிடக்காது. அறிவு மிகுந்தது தடயமின்றிப் போகிறது. ஈரறிவு என்று எண்ணப்பட்டது தன் வரலாற்றை விட்டுச் செல்கிறது.

சென்ற ஆண்டு கண்காட்சிக்கு முன் அந்த மாணவனோடு குறும்பப்பட்டிக்கு ஒருமுறை போய்வந்தேன். ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்கு ரயில். பொம்மிடியை நெருங்குகையில் மலை வண்டியோடு கூடவே வரத் தொடங்கியது. குறும்பப்பட்டியில் வனத்துறையின் உயிரியல் பூங்கா இருக்கிறது. குழந்தைகளோடு குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. வழியில் தேநீர்க் கடையில், எதற்கு வந்தீர்கள் என்று கேட்ட பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். 'எலியைப் பார்க்கவா ஆம்பூர்லேர்ந்து வர்றீங்க?' என்று கடையே சிரித்தது. அவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஓராண்டுக்கு முன் அந்தச் சிரிப்பை எழுதிக்கொடுத்தவன் நான். மாணவன்தான் பொறுமையாக விளக்கினான். இந்த எலி உலகத்தில் உங்கள் ஊர்ப் பெயரோடு மட்டும்தான் இருக்கிறது என்றான். பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, 'எங்க ஊர்ப் பேரோடவா?' என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த மாற்றத்தை நான் குறித்துக்கொண்டேன்.

எலியை நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்போம் என்று போகவும் இல்லை. பாறைகளையும் அவற்றின் இடுக்குகளையும், அங்கே முளைத்திருந்த முட்புதர்களையும் சற்றுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அவ்வாண்டு குறிப்பை இருவரும் சேர்ந்து எழுதினோம். எலிக்குக் குறும்பப்பட்டிப் பாறையெலி என்று பெயர் வைத்தோம். ஊர்ப் பெயர் சேர்ந்தால், வெறும் எலி என்ற சொல்லின் பழி சற்றேனும் கழியும் என்பது அவன் கருத்து. நத்தைக்குச் செந்நத்தை என்று நான் முன்மொழிந்தேன். மஞ்சளாகவும் இருக்குமே என்று நண்பர் மறுத்தார். பிழையான பெயரைவிடப் பெயரின்மை நேர்மையானது என்று, இண்ட்ரெல்லா என்ற அயற்சொல்லையே விட்டுவைத்தோம். அதன் காட்டில் வாழும் மக்களிடம் ஒரு பெயர் இருக்கக்கூடும், கேட்டறிந்தபின் எழுதலாம்.

கண்காட்சியின் கடைசி நாளில் மாணவன் தன் தாத்தாவை அழைத்துவந்தான். அவர் கல்லூரிக்குள் வருவது அதுவே முதல்முறை. நத்தைப் படத்தைக் கண்டு, 'இவ்வளவு செவப்பா' என்று வியந்தார். பிறகு எலியின் கோட்டோவியத்தின் முன் வந்து, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் நின்றார். சுற்றிலும் நின்ற மாணவர்கள் அமைதியானார்கள்.

'இவனை நான் பார்த்ததில்ல சார்,' என்றார் கடைசியில். 'ஆனா இவன் வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.'